மூன்றாவது குப்பி

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி, இரவு இரண்டே கால்.
முந்தானையில் பொதிந்து
மூன்று குப்பிகளைக் கொண்டுவந்தார் பாக்கியவதி.
மூன்றிலும் ஒரே பெயர்:
ஏசுவடியான், 41, குலசேகரம்.
தொழில்: பால்வெட்டு.

"பச்சவெள்ளம் மாதிரி இருக்கு,
இதுல என்னத்த பாப்பிய?"

பதில் சொல்ல நேரமில்லை.
ஒரு மணி நேரத்துக்குள் எண்ணவேண்டும்,
பிந்தினால் அணுக்கள் கரைந்துவிடும்
இருந்த அடையாளமே இல்லாமல்.

ஐந்துக்கு மேல் இருக்கக்கூடாத இடத்தில்
இருநூற்றுப் பத்து.
ரத்தத்தில் சர்க்கரை நூற்றுப் பதினாறு,
இதில் இருபத்திரண்டு.
உள்ளே யாரோ தின்கிறார்கள்.

முந்நூறு மரமாம் அவருக்கு.
நெற்றிவிளக்கோடு இருட்டில் போய்
பட்டையில் சரிவாக ஒரு கீறல்,
சிரட்டையில் சொட்டுச் சொட்டாய்.
இன்றைக்கு அவரையே ஒருக்களித்து வளைத்து
நடுமுதுகில் ஊசி.
அதே வேகத்தில்தான் சொட்டியிருக்கும்.

மிச்சத்தை அசையாமல் நிறுத்திவைத்தேன்.
நாலு மணிக்கு மழை.
எந்தத் தோட்டத்திலும் வெட்டு இருக்காது.

ஆறு மணிக்குக் குழாயை ஜன்னலோரம் பிடித்தேன்.
மேல்மட்டத்திலிருந்து
சிலந்தி கட்டியதுபோல் ஓர் இழை தொங்கியது.
யாரும் ஆசிட் ஊற்றவில்லை.
தானாக உறைந்திருக்கிறது.

காசநோய்தான் போல என்று வார்டுக்குப் போன் செய்தேன்,
ஸ்லைடைச் சாயத்தில் போட்டேன்.
பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தவரிடம்
வேறு வார்த்தை கிடைக்காமல்,
"ஒட்டுப்பால் பிடிச்சிருக்கு அக்கா" என்றேன்.

குழாயை வாங்கிப் பார்த்தார், வெகுநேரம்.
"அதப் பிச்சி எடுத்தாத்தானே
மறுவெட்டு" என்றார்.