பசியாறியாச்சா

புலாவ் பெத்தோங் முகத்துவாரத்தில்
வற்றம் தொடங்கும் நேரம் இழுத்த வலை.
விரல் நீளம்கூட வளராத குஞ்சுகள்:
காரல், கிழங்கான், கொஞ்சம் மடவை.
இயந்திரத்தை நிறுத்திவிட்டு
"சுடா மாக்கான்?" என்பார் பாக் ஹம்டான்.
மீன்களைத்தான் கேட்கிறார் என்று
வாளியைக் காட்டுவேன்.
தினமும் சிரிப்பார், அதே சிரிப்பு.

பார்மலின் வாடை ஊறிப்போன மேசை.
கத்தரி முனையால் வயிற்றைத் திறக்கிறேன்.
கடுகைவிடச் சற்றே பெரிய பை.
அதற்குள் நேற்றிரவுச் சாப்பாடு
கால்காலாக, கொம்புகொம்பாக.
துடுப்புக்காலிகள் நாற்பத்திரண்டு.
கண் மட்டும் மிஞ்சிய நண்டுக் குஞ்சு மூன்று.
ஒரு புழுவில் பாதி;
மறுபாதி எந்த வயிற்றிலோ.
மடவையில் வெறும் சேறும் பாசியும்,
ஏதோ விரதத்தில் இருப்பதுபோல.

எதிர்ப்பக்கம் சியூ லெங்.
காரல் எனக்கு, கிழங்கான் அவளுக்கு.
நான் எண்ணியதையே எண்ணுகிறாள்
இன்னொரு வயிற்றிலிருந்து.

சாயங்காலம் கணினி சொன்னது:
சுழியம் புள்ளி எட்டு ஒன்று.
புள்ளி ஆறைத் தாண்டினாலே
ஒரே தட்டில் கை வைப்பதாகக் கணக்கு.
"ஆகவே இவற்றுக்கிடையே போட்டி"
என்று தட்டிவிட்டு நிமிர்ந்தேன்.
காதில் பென்சிலோடு
திரையைப் படித்துக்கொண்டிருந்தாள் சியூ லெங்.

டிசம்பரோடு எங்கள் ஒப்பந்தம் முடிகிறது.
புதுப்பிக்க ஒரே ஓர் இடம்.
இருவரும் மனுப் போட்டது இருவருக்கும் தெரியும்.
அதைத் தவிர எல்லாம் பேசுவோம்
பாலிக் புலாவ் சந்தையில் லக்சா குடித்தபடி.
என் கிண்ணத்துப் புதினாவை அவள் எடுத்துக்கொள்வாள்,
அவளுடைய அன்னாசித் துண்டுகளை நான்.
எப்போது தொடங்கியது அது, நினைவில்லை.

ஒன்றும் சொல்லாமல்
பிப்ரவரிக் குப்பிகளை இறக்கி வைத்தாள்.
இரை அருகிய மாதம்.
காரல் நடுநீருக்கு ஏறிவிட்டது.
கிழங்கான் மணலைக் கிளறப் போய்விட்டது.
புள்ளி மூன்று நான்கு.
நிறைய இருக்கும்போதுதான் ஒரே தட்டு.
இல்லாதபோது
யாரும் விரட்டாமலே
ஒன்றுக்கொன்று விலகிக்கொள்கின்றன.

"போட்டி"யை அழித்தேன்.
வேறு சொல் வரவில்லை.
அந்த இடத்தில் கோடு மின்னிக்கொண்டே இருக்கிறது.

பதினேழு வயிறுகளில் எதுவுமே இல்லை.
அவற்றைச் சூத்திரத்தில் போட முடியாது;
வெறும் வயிறு எதனோடும் ஒத்துப்போவதில்லையாம்.
தனிக் கட்டத்தில் எழுதி ஒதுக்கியிருக்கிறோம்.
அந்தக் கட்டத்தைத்தான்
திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

விளக்கை அணைக்கும்போது சியூ லெங்
என்னிடம் கற்ற ஒரே தமிழில் கேட்டாள்,
"பசியாறியாச்சா?"
மணி இரவு ஒன்பதரை.
அது காலையில் கேட்கிற கேள்வி என்று
நான் திருத்தவில்லை.
இல்லை என்றேன்.