யாரும் நடாதது

மார்ச்சில் ஜன்னலோரம் முழுக்கத் தயிர்க் கோப்பைகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, குச்சியில் பெயர், தேதி.
வெளியே வூச் நகரத்து டிராம்கள்
பனிச்சேற்றை வாரி இறைத்துப் போகும்.
உள்ளே என் கணவர் செனோன்
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
தக்காளி நாற்றுகளிடம் முகத்துக்கு முகம் குனிந்திருப்பார்.
என்னிடம் அவ்வளவு குனிந்ததில்லை. சரி, விடுங்கள்.

மே பதினைந்து, குளிர்ச் சோஷ்காவின் நாள்.
அந்தப் புனிதை தன் போர்வையை உதறி
கடைசி உறைபனியைக் கொட்டி முடிக்கும்வரை
யாரும் இங்கே தக்காளி நடுவதில்லை.
அதுவரை பகலில் வெயிலுக்கு, இரவில் வீட்டுக்கு என்று
நான்கு மாடி ஏற்றி இறக்கினோம்.
பிறகு டிராமில், மடியில் அட்டைப்பெட்டியோடு,
நகர எல்லையில் இருக்கும் எங்கள் தோட்டத்துண்டுக்கு.
தண்டைக் கழுத்துவரை புதைத்தார்.
முட்டை ஓடு, மரச்சாம்பல், கொஞ்சம் திட்டு.
முதல் வாரம் எல்லாம் தலை தொங்கி நின்றன,
மாற்றலாகி வந்த குமாஸ்தாக்கள் மாதிரி.

ஜூனில்தான் பார்த்தேன்.
கொட்டகைச் சுவரடியில், செங்கல்லை விட்டு மண் பிரியும் இடத்தில்
இரண்டு இலை. அப்புறம் ரம்பப்பல் இலை.
கிள்ளி மோந்தேன்: தக்காளி.
நிமிர்ந்தால், சுண்ணாம்பின் மேல்
போன ஆகஸ்டின் கறை.

அன்று அவருடைய அண்ணன் குஸ்தாவ் வந்திருந்தார்.
அம்மாவின் ஃப்ளாட்டை விற்பதா, வேண்டாமா.
செனோன் கையில் அப்போதுதான் பறித்த எருது இதயம்
(அந்த ரகத்துக்கு அதுதான் பெயர்),
அரைக் கிலோ இருக்கும்.
எறிந்தார்.
அண்ணன் தலைக்கு ஒரு சாண் தள்ளி, சுவரில்.
குஸ்தாவ் சட்டையிலிருந்த விதைகளைத் தட்டிவிட்டு
டிராமுக்குக் காத்திராமல் நடந்தே போனார்.
கிடினியாவிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டைகூட வரவில்லை.

செனோன் அந்தச் செடியைப் பிடுங்கவில்லை.
குச்சி ஊன்றவும் இல்லை.
பக்கக்கிளை கிள்ள மாட்டார், தண்ணீர் விட மாட்டார்,
ஆனால் வாளியோடு அதைச் சுற்றித்தான் நடப்பார்.
அவருடைய நோட்டில் அதற்கு வரிசை இல்லை.

நட்டவை ஜூலைக் கடைசியில் பழுத்தன.
குறை சொல்ல முடியாது, இருபத்தெட்டு ஜாடி போட்டேன்.
ஆகஸ்ட் மழையோடு கருகல் வந்தது,
மூன்றே நாளில் பாத்தி முழுக்கப் பழுப்பாகச் சுருண்டது.
சுவரடிச் செடியையும் விடவில்லை, பாதியைத் தின்றது.
மீதி, கூரைச் சரிவுக்குக் கீழே நனையாமல் கிடந்த பாதி,
செப்டம்பரில் ஏழு காய் வைத்திருந்தது.
பழுக்க வெயில் இல்லை.

அக்டோபரில் ஒரு நாள், நான் எதுவும் சொல்லாமலே,
நான்கைப் பச்சையாகப் பறித்தார்.
செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றினார்.
பெட்டிக்குள் வைக்கோல். கடிதம் கிடையாது.

தபால் அலுவலகத்துப் பெண்
உடையும் பொருளா என்று கேட்டாள்.
செனோன் யோசித்தார்.
பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
"தெரியவில்லை" என்றார்,
"போய்ச் சேர்வதற்குள் சிவந்துவிடும்."