போதகர் என்ற சொல்லுக்கு முன்னால்

தன்லினில் எங்கள் சபை இறக்கிய
ஆழ்குழாய்க் கிணற்றுக்குப்
பளிங்கில் ஒரு கல் வைப்பதென்று
கமிட்டி முடிவெடுத்த அன்று
என் பெயர் வேண்டாம் என்றேன்.

ஒரு தடவை சொன்னால் போதும்.
மூன்று தடவை சொன்னேன்.
கமிட்டியில் ஒன்று,
ஞாயிறு அறிவிப்புகளின் நடுவே
இருமிக்கொண்டு ஒன்று,
ரங்கூனில் பேராயருக்கு எழுதிய கடிதத்தில்
அடைப்புக்குறிக்குள் ஒன்று.

உறையை ஒட்டுமுன் படித்த சலோமி
என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:
"அடைப்புக்குறியை எடுத்துடுங்க.
வெளிச்சமே அங்கதான் அடிக்குது."
இருபத்தாறு வருட மனைவி.
நான் எடுக்கவில்லை.

கல் கொத்தும் கோ தெய்ன் பர்மாக்காரர்.
தமிழ் எழுத்து அவருக்குப் படம்.
அளந்து, பென்சிலால் கோடு போட்டு
உளியைக் கையில் எடுத்த பிறகு
நான் போய்ப் பெயரின் மேல் விரல் வைத்து
வேண்டாம் என்று கையசைத்தேன்.
வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தலையாட்டினார்.
விரல் மறைத்த அளவுக்கு மட்டும் விட்டார்,
மற்றதெல்லாம் கொத்தினார்.

கல் வந்தது.
மேலே சபையின் பெயர்.
வருடம், மாதம்.
"இந்தத் தண்ணீர் எல்லாருக்கும்."
அதன் கீழே ஒரு சாண் வெறும் பளிங்கு,
அந்த வெறுமையின் முடிவில்
தனியாக, அழகாக,
"போதகர்".

மாற்றிக் கொத்தச் சொல்லியிருக்கலாம்.
"செலவு எதுக்கு, இருக்கட்டும்" என்றேன்.
யார் அந்தப் போதகர் என்று
கேட்காமல் யாரும் அந்தக் கல்லைத் தாண்ட முடியாது.
எனக்கு அது தெரியும்.

பிரதிஷ்டைக்குப் பேராயர் வந்தார்.
குழாய் இறக்கியவர்களுக்கு நன்றி சொன்னார்,
மோட்டார் கொடுத்தவருக்கு,
மொஹிங்கா காய்ச்சியவர்களுக்கு,
நாற்காலி போட்ட பையன்களுக்கு.
நான் ஒரு முகம் தயாராக வைத்திருந்தேன்:
தலை சற்றே சாய்ந்து, கை பாதி உயர்ந்து,
"ஐயோ, அதெல்லாம் எதுக்கு" என்கிற முகம்.
கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கவில்லை என்றால்
பிரசங்க பீடம் என்னை விழுங்கட்டும்.
பேராயர் ஜெபித்து, சாப்பிட்டு, படகேறினார்.
முகம் அப்படியே இருந்தது, சாயங்காலம்வரை.

ஏப்ரல் வந்தது.
சுற்றுவட்டக் கிணறுகள் வறண்டன.
பர்மியர், கரேன், நம் ஆட்கள், மசூதித் தெருக்காரர்கள்,
வாளியோடு வாளி மோதிச் சண்டை.
கோயில்பிள்ளை பாக்கியநாதன்
பர்மிய எழுத்தில் நேரம் எழுதினான்,
ஒட்டுவதற்கு வழுவழுப்பான இடம் தேடினான்.
கல்லில்தான் இருந்ததே, ஒரு சாண்.
கஞ்சிப் பசை தடவி ஒட்டிவிட்டான்.

இப்போது இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள்
இப்படிப் படிக்கிறார்கள்:
"காலை ஐந்து முதல் ஏழு.
மாலை, மின்சாரம் வந்தால்,
போதகர்."

சபையே சிரித்தது.
நானும் சிரித்தேன், மற்றவர்களை விட
ஒரு விநாடி அதிகமாக.

அன்றிரவு தூக்கமில்லை.
நாலு மணிக்கு டார்ச்சோடு போய்
காகிதத்தின் மூலையை நகத்தால் சுரண்டினேன்.
பாக்கியநாதனின் பசை
என் பிரசங்கங்களை விட உறுதி.

"சயா, இன்னும் நேரமாகலை"
என்றது இருட்டு.
மீன்காரி மா சான், வாளிமேல் உட்கார்ந்திருந்தாள்.
அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே
சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தது.
நான் நேரம் பார்க்க வந்தேன் என்று
நினைத்துவிட்டாள் போல.
"கடைசியில போய் நில்லுங்க, சயா."

போய் நின்றேன். பதினேழாவது ஆள்.
எனக்கு முன்னால் ஒரு சிறுவன்
நின்றபடியே தூங்கி என் மேல் சாய்ந்தான்.
நகராமல் இருந்தேன்.
அது நன்றாக இருந்தது, கொஞ்ச நேரம்.
பிறகு அந்தக் குரல் வந்தது, எப்போதும் வருவது:
இதை ஞாயிற்றுக்கிழமை சொல்லலாமே.

ஐந்தாயிற்று. குழாய் இருமியது.
வரிசை விழித்து நகர்ந்தது.
என் முறை வந்தபோதுதான் பார்த்தேன்,
நான் பாத்திரம் எதுவும்
கொண்டுவரவில்லை.