இருபது பித்தான்கள்

நூற்றைம்பது யூரோ.
என் பழைய காருக்கு இரண்டு டயர் மாற்றுகிற காசு.
டயரும் மாற்ற வேண்டியதாகத்தான் இருந்தது.

கில்ரஷ் கடைவீதியில்
தூண்டில் முள்ளும் மழைச்சட்டையும் விற்கிற கடை.
கண்ணாடிக்குப் பின்னால்
அறுகோணமாய் உட்கார்ந்திருந்தது கான்செர்டினா.
சிவப்பு. மிட்டாய்த்தாள் சிவப்பு.
முத்துச்சிப்பி என்று சொல்லிக்கொண்ட பிளாஸ்டிக்.
"பொம்மைதான்," என்றார் ஃபெர்கல், பில் போடும்போதே.
விற்கிறவரே இப்படிச் சொன்னால்
வாங்குகிறவளுக்கு எவ்வளவு நிம்மதி.
பொம்மையிடம் யாரும் தேர்ச்சி கேட்பதில்லை.

நான் ஷானன் முகத்துவாரத்துப் படகில்
சீட்டுக் கிழிக்கிறவள்.
கார்களுக்கிடையே பக்கவாட்டில் நடந்து நடந்து
இடுப்பே நண்டாகிவிட்டது.
கடைசிக் காருக்கும் கிழித்து முடித்தால்
எதிர்க்கரை வரும்வரை பதினோரு நிமிடம் என்னுடையது.
உயிர்காப்புச் சட்டைகள் அடுக்கிய அறையில்
அவற்றின் மேலேயே உட்கார்ந்து
துருத்தியை விரிப்பேன்.

அழுத்தினால் ஒரு ஸ்வரம்.
அதே பித்தானில், இழுத்தால் வேறு.
இது விரலுக்குப் புரிய ஒரு மாதம்.
போகிற கரையும் வருகிற கரையும் ஒன்றல்ல என்பது
படகுக்காரிக்காவது
சீக்கிரம் விளங்கியிருக்க வேண்டும்.

"கன்றுக்குட்டிக்கு வயிற்றுவலியா?"
எஞ்சின் அறையிலிருந்து டோனகா கத்துவான்.
ஆமாம் என்று இன்னொரு முறை வாசிப்பேன்.

மூலையில் அட்டை பிரிந்து காற்று கசியும்;
சைக்கிள் பஞ்சர் ஒட்டு போட்டிருக்கிறேன்.
பாட்டுக்கு முன்னால் அதன் மூச்சு கேட்கும்,
மூன்று மாடி ஏறி வந்து
கதவருகே நிற்கிற ஆள் மாதிரி.
இடது கை மூன்றாம் பித்தான்
ஈர நாளில் உள்ளே போனால் திரும்பி வராது.
இங்கே எல்லா நாளும் ஈர நாள்.
நகத்தை நுழைத்து, தாளம் தப்பாமல்,
நெம்பி எடுக்கப் பழகிவிட்டேன்.

டயர் மார்ச்சில் வெடித்தது, சரிவில் இறங்கும்போதே.

மதுக்கடையில் ஒரு வியாழக்கிழமை
நோரீன் தன்னுடையதை என் மடியில் வைத்தாள்.
ஆறு வருடம் காத்திருந்து வாங்கியது.
யானை விலை.
நினைத்ததும் பேசியது.
என் பிழைகள் ஒவ்வொன்றும்
வெண்கல மணிபோல் தெளிவாகக் கேட்டன.
எட்டாத பழம் புளிக்கும் கதை இல்லை இது.
எட்டியது. இனித்தது. மிக இனித்தது.
பாதிப் பாட்டில் திருப்பிக் கொடுத்தேன்,
தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவதுபோல்,
என் கை உப்பு அதில் பட்டுவிடுமோ என்று.

அவள் என் சிவப்பை எடுத்து வாசித்தாள்.
மூன்றாம் பித்தானில் விழுந்தாள்.
"இதில் எப்படியடி வாசிக்கிறாய்?"
நகத்தைக் காட்டினேன்.

நவம்பரில் ஒரு நாள் மூடுபனி.
ஆற்று நடுவில் படகு நின்றுவிட்டது.
ஒரு பால் லாரி, ஒரு குதிரை வண்டி,
சவ ஊர்தி ஒன்று, காலியாகத் திரும்புவது.
பின்சீட்டில் ஒரு சிறுமி
இந்த உலகமே முடிந்ததென்று அழுதாள்.
அவள் அம்மா வேண்டாம் வேண்டாம் என்றாள்,
விலையுயர்ந்ததாக இருக்குமே என்று.
"டயர் விலை," என்றேன்.
ஜன்னல் வழியே நீட்டினேன்.
உருளை வறுவல் தின்ற கை, வினிகர் சொட்டச் சொட்ட,
இருபதில் எட்டுக்கு எட்டியவரை
எல்லாவற்றையும் ஒன்றாய் அமுக்கி
முழுத்துருத்தியும் இழுத்தாள்.

குதிரை உதைத்தது.
சவ ஊர்திக்காரர் கண்ணாடியை இறக்கினார்.
டோனகா மேலே ஓடி வந்து
"யார் மேல் மோதினோம்?" என்றான்.

மூன்றாம் பித்தான் உள்ளேயே நின்று
தனியே முனகிக்கொண்டிருந்தது.
அவள் அழுகை போய்
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நெம்பிவிடவா என்று கேட்டேன்.
தலையாட்டினாள், வேண்டாமென்று.

இன்றும் மடிப்புகளை விரித்தால்
முதலில் வருவது வினிகர்.