இருபத்தொன்பதரை கிலோ

ஹாயேன் மலைச்சரிவில்
மே பாதி கடந்ததும் ஆலிவ் பூக்கும்.
பூவென்றால் நம்ப மாட்டீர்கள்,
நொய்யரிசி அளவு.
அதன் தூள்தான்
கார்க் கண்ணாடியில், காயப்போட்ட போர்வையில்,
ஆராசெலியின் இமைக்குள்.

எங்களுக்குப் படியளக்கிற மரம்
என் மகளை மட்டும்
வாசலுக்கு வர விடுவதில்லை.

முதல் வருடம் ஜலதோஷம் என்றே இருந்தோம்.
இருபத்தேழு தும்மல்.
எண்ணியது அவளேதான்,
எண்கள் அப்போதுதான் பழகியிருந்தன.
இரவெல்லாம் கண்ணைக் கசக்கி
காலையில் இமை பிரியாமல்
"அப்பா, இன்னும் விடியலையா?" என்றாள்.

அடுத்த வருடம் என் தங்கை எங்ராசியா
கைப்பையில் கிடந்த பழைய மாத்திரையைப்
பாதியாக உடைத்துக் கொடுத்தாள்.
தும்மல் நின்றது.
மதியம் மூன்று மணிக்குச் சாய்ந்தவள்
மறுநாள் காலைவரை எழவில்லை.
மூக்கருகே விரல் வைத்து வைத்து
மூச்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் நியேவெஸ்.
ஆறு மாதம் தங்கையோடு நான் பேசவில்லை.
விழுங்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது
நான்தான் என்பதை
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தூக்கம் அவ்வளவாக வராத மருந்து
எழுதிக் கொடுத்தார் டாக்டர் ஹிமெனா.
முப்பது கிலோவரை ஐந்து மில்லி,
தாண்டினால் பத்து.
பூட்டுக்குள் ஒரு சாவி முதலிலேயே நின்றுவிட்டால்
இன்னொன்று நுழையாது, அவ்வளவுதான் என்றார்.
மரத்தோடு சண்டையில்லை.

வீட்டில் ஆள் நிறுக்கும் எடைக்கருவி இல்லை.
காய் நிறுக்கும் தராசு உண்டு.
செருப்பைக் கழற்றிவிட்டு
மூட்டை வைக்கிற தட்டில் ஏறி நின்றாள்.
"ஆலையில் இலைக்குக் கழிப்பாங்களே,
என் பின்னலுக்கு எவ்வளவு கழிப்பீங்க?"

இருபத்தொன்பதரை.

மருந்தோடு வந்த கரண்டியில் மட்டும்,
காபிக் கரண்டியில் அல்ல
என்று குப்பியில் எழுதி ஒட்டினாள் நியேவெஸ்.
அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை.
ஜன்னல் சாத்தித்தான் இருந்தது,
மாலையில் தலைக்குக் குளிக்கத்தான் வேண்டியிருந்தது.
ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை
முழுக் கதையையும் தும்மாமல் வாசித்துக் காட்டினாள்.
கதை சுமார்தான்.
இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னேன்.

இந்த மே மாதம் முப்பத்தொன்று.
இனி பத்து மில்லி.
வகுப்பு மாறியதைப் போல
தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கூட்டுறவுச் சங்கத்தில்
நல்ல பூ, நல்ல பூ என்று
ஆளுக்கு ஆள் கை குலுக்குகிறார்கள்.
நானும் குலுக்குகிறேன்.
இன்னொரு கை
சட்டைப்பைக்குள் குப்பியைப் பிடித்திருக்கிறது.
அதில் சத்தமே இல்லை.
புதுக் குப்பி, கழுத்துவரை இருக்கிறது.