மூன்றாவது புகார்

முதல் புகார்: இடது என்ஜின் இரண்டாயிரத்து நூறைத் தொட்டதும்
ரேடியோ ஊமையாகிறது.
சோதித்தோம், குறை காணவில்லை.
இரண்டாவதும் அதே கையெழுத்து, அதே பைலட்.
இம்முறை இரண்டு ஆச்சரியக்குறிகள்.
சோதித்தோம், குறை காணவில்லை
என்று எழுதியவள் நான்தான்.

தரையில் நிற்கும் விமானம் பொய் சொல்லும்,
டாக்டர் முன் உட்கார்ந்ததும்
வலி போய்விட்டது என்பவர்களைப் போல.

மூன்றாவது முறை,
சிலேத்தார் ஓடுபாதை மழையில் காணாமல் போய்
மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழன்றுகொண்டிருக்க
ஹாங்கருக்குள் மாட்டிக்கொண்ட மதியத்தில்
இருக்கைக்கடியில் தலைகீழாய்ப் படுத்து
டார்ச்சை வாயில் கடித்து
ஒவ்வொரு கம்பியாய் ஆட்டினேன்.
மேலே ஹெட்செட்டோடு ஹஸ்லிண்டா.
இப்போ? இரைச்சல்.
இப்போ? இரைச்சல்.
இப்போ?

பதிலே இல்லை. பிறகு,
"அதேதான்! கையை எடுக்காதே!"

உறையைக் கீறித் திறந்தால்
என்ன அழகு.
எந்த ஊரில் எந்தக் கை செய்ததோ,
இழையோடு இழை கோத்து முறுக்கி
ஈயம் ஊட்டிய இணைப்பு.
குமிழில்லை, கரியில்லை, ஒரு சொட்டு மிகையில்லை.
கொலுசின் பூட்டுப் போல மின்னிற்று.

உடைந்தது அங்கே அல்ல.
ஈயம் நின்ற இடத்திலிருந்து
ஓர் அரிசி நீளம் தள்ளி.

அந்தப் பிசின் புகை எனக்குப் பழக்கம்.
அங் மோ கியோ ஆலையில் ஆறு வருடம்
நுண்ணோக்கிக்கடியில் ஈயம் வைத்தவள்.
பற்றவைப்பது என்போம்,
அடுப்புக்கும் அதே சொல், சண்டைக்கும் அதே சொல்.
பலகையில் அது சரி. பலகை ஆடாது.
கம்பிக்குள்ளோ ஈயம் சொல்லாமல் ஏறும்,
திரியில் எண்ணெய் போல,
இடைவெளியையெல்லாம் குடித்து
பத்தொன்பது பேரை ஒருத்தியாக்கும்.
அந்த விறைப்பு முடிகிற வாசலில்
மீதிக் கம்பி ஆடிக்கொண்டே இருக்கும்.
ஒரு நாள் ஓர் இழை.
மறுவாரம் இன்னொன்று.
கடைசி இழை மட்டும்
என்ஜின் அடங்கும்போதெல்லாம் திரும்ப வந்து தொட்டு,
தரையில் நிற்கும் எனக்குக்
குறை காணவில்லை என்று எழுதிக்கொடுக்கும்.

கிரிம்புக்கு அழகு கிடையாது.
தோலுரித்து, இழைகளை எண்ணி, குழலில் செருகி,
பக்கத்து ஊசித்துளையில் கம்பி தெரிகிறதா பார்த்து
இடுக்கியை அழுத்தினால்
கடக் கடக் கடக்.
பாதியில் மனம் மாறினாலும் விடாது,
முழுதும் கடித்த பிறகுதான் வாய் திறக்கும்.
உள்ளே இழைகள் உருவம் கெட்டு நசுங்கி
காற்றுக்கும் இடமின்றி நெருங்கிக் கிடக்கும்.
வெளியே வந்ததும்
அவரவர் ஆட்டம் அவரவருக்கு.

இழுத்துப் பார்த்தேன்.
நான்தான் நகர்ந்தேன்.

மழை விட்டது. இரண்டாயிரத்து நூறு வரை ஓட்டினோம்,
அதற்கு மேலும்.
ரேடியோவில் யாரோ வரிசை எண் கேட்டுக்கொண்டிருந்தார்கள்,
தெளிவாக, சலிப்பாக.

பழையதை வெட்டிப் பையிலிட்டு
சிவப்புச் சீட்டு எழுதினேன்.
காரணம்: ஏற்கப்படாத முறை.
அதன் கீழே குறிப்பு என்று ஒரு சின்னக் கட்டம்.
ஆறிப்போன தே ஓ கோசோங்கைக் குடித்து முடிக்கும்வரை
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"நல்ல கை" என்று தமிழில் எழுதி
உடனே அடித்தேன்.

எங்கள் விதிப்படி அடித்தல் ஒற்றைக் கோடுதான்.
அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும்.
பக்கத்தில்
அடித்தவள் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டேன்.