முப்பத்தெட்டாவது காத்தாடி

பணகுடிக்குத் தெற்கே, காற்றை விற்கிற கம்பெனியில்
ஆனி மாதம் முழுக்க ஒரு சுவர் வரைந்துகொண்டிருந்தேன்.
செங்கல் இல்லாத சுவர். பென்சிலால்,
போன வருஷ நாட்காட்டியின் பின்பக்கத்தில்.
ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் திட்டம் பறக்கிறது.
நாலு மூலையிலும் போல்ட்டு வைத்து வரைந்தேன்.

அறுபத்தோரு காத்தாடிகள்.
ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் ஒரு சின்னக் கணினி.
எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்:
ஒன்று இரண்டு மூன்று நான்கு.
"இதுவரை ஒருத்தனும் வரலையே மேடம்" என்றார்
மேனேஜர் மாசானமுத்து.
வந்தவன் சொல்லிக்கொண்டா போவான்
என்று கேட்க வாயெடுத்து
கருப்பட்டிக் காப்பியைக் குடித்தேன்.

முதலில் எதையும் அடைக்காதே, கேள்.
இதை நான் படித்தது ஒரு ஆஸ்பத்திரியில்,
ஓடிக்கொண்டிருந்த ஸ்கேன் மெஷினை
அவசரத்தில் ஊமையாக்கிய பிறகு.
ஆகவே இரண்டு வாரம் வெறுமனே கேட்டேன்:
யார் யாரோடு பேசுகிறார்கள்,
எந்த வாசலில், எத்தனை மணிக்கு.

சம்பளக் கணக்குக் கணினிக்குக் காத்தாடியோடு என்ன பேச்சு?
கோடு போட்டுப் பிரித்தேன்.
கேட்டில் இருக்கிற கேமரா
நடுராத்திரி கடல் தாண்டி யாரையோ கூப்பிடுகிறது.
வேண்டாம்.
பதினேழாவது காத்தாடி
எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனிக்குப்
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
"நலம்" என்று அனுப்பிக்கொண்டிருந்தது,
எட்டு வருஷமாக, பதில் இல்லாமல்.
அதையும் அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து.

பிறகு முப்பத்தெட்டு.
சாயங்காலம் ஆறு மணியானால் அதன் வாசலில் கூட்டம்.
இருநூற்றுப் பன்னிரண்டு செல்போன்கள்.
எட்டாயிரத்து எண்பதாம் கதவு, பூட்டு இல்லை.
தாக்குதல் என்றே நினைத்தேன், கை சில்லிட்டது.

இசக்கிப்பாண்டி வந்தான், உச்சி ஏறி வேலை பார்க்கிறவன்.
இடுப்பு பெல்ட்டைக் கழற்றாமலே நின்றான்.
"நாந்தான் தொறந்து வச்சேன் மேடம்.
களக்காட்டுல மச்சினன் வாழ போட்டுருக்கான்.
இங்க காத்து பதினஞ்சத் தாண்டிச்சுன்னா
அங்க கம்பத் தூக்கிட்டு ஓடணும்,
குல தள்ளுன மரம் தாங்காதுல்லா.
அவன் ஒருத்தன்ட்டதான் சொன்னேன்.
அவன் ஊருக்கே சொல்லிட்டான்."

அந்தக் கதவில் காற்றின் வேகம் தெரியும். சரி.
அதே கதவில் கையை விட்டால் பிரேக் பிடிக்கலாம்,
இறக்கையைத் திருப்பலாம்,
பொறுமை இருந்தால் அறுபத்தொன்றையும் நிறுத்தலாம்.
திரையில் அவனுக்குக் காட்டினேன்.
பெல்ட்டின் கொக்கியை மாட்டி மாட்டிக் கழற்றினான்.
"அப்போ அடச்சிருங்க.
ஆனா ஆடிக்கு முன்னால சொல்லிட்டு அடைங்க."

சுவரின் விதிகளை மேலிருந்து கீழே வாசிக்கும் இயந்திரம்.
முதலில் பொருந்துகிற வரிதான் தீர்ப்பு.
கடைசி வரி எந்த ஊரிலும் ஒன்றே:
மற்றவை அனைத்தையும் மறு.
அதற்கு மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டிருந்தேன்,
ஏனென்று தெரியாமல்.

அங்கே எழுதினேன்:
சுவருக்கு வெளியே ஒரு சின்னப் பெட்டி.
நிமிஷத்துக்கு ஒரு எண்ணை
முப்பத்தெட்டு அதனிடம் சொல்லும்.
பெட்டி திரும்ப ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.
வாழைக்காரர்கள் பெட்டியைப் பார்க்கட்டும்.

"இதுக்குச் செலவ எந்தக் கணக்குல எழுத?"
பேனாவை மூடாமல் கேட்டார் மாசானமுத்து.
பராமரிப்பு என்று எழுதினோம்.
யாருடைய பராமரிப்பு என்று அவரும் கேட்கவில்லை.

ஆடி முதல் வெள்ளி, மாலை ஆறு பத்து.
சுவரில் மறுக்கப்பட்டவை நாலாயிரத்துச் சொச்சம்,
எந்தெந்த நாட்டிலிருந்தோ.
மாசானமுத்து அந்த எண்ணை இரண்டு தரம் வாசித்தார்.
பெட்டியின் வாசலில் இருநூற்று நாற்பது பேர்.
பதினாலு.
பதினாலு.
பதினாறு.
ஜன்னல் கொண்டி படபடக்கிறது.
வாசலில் நின்று போனில் கத்துகிறான் இசக்கிப்பாண்டி:
"பாத்தியால? ஓடு!"